வீட்டுக்கல்விப் பாடத்திட்டம்

வீட்டுக்கல்விப் பாடத்திட்டம் என்பது, பள்ளிக்குச் செல்லாமல் வீட்டை மையமாகக் கொண்டு கற்கும் குழந்தை எவற்றை, எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில் கற்க வேண்டும் என்பதையும், அக்கற்றல் எவ்வாறு மதிப்பிடப்பட்டுச் சான்றளிக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டம் ஆகும். பள்ளிக் கல்வியில் இப்பணியை அரசு, தேர்வு வாரியம், ஆசிரியர் ஆகிய மூவரும் பகிர்ந்து செய்கின்றனர். வீட்டுக்கல்வியில் இம்மூவரின் பணியும் பெற்றோரைச் சேர்கிறது. பொதுப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் பயின்ற பின் விலகும் குழந்தைக்கு இத்திட்டம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. அக்குழந்தை பாடங்களை மட்டுமன்றி, பள்ளிப் பதிவின் வழியே கிடைக்கும் சான்றிதழ்களையும் உரிமைகளையும் விட்டு விலகுவதே இதற்குக் காரணம்.

இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

சொற்பொருள்

வீட்டுக்கல்வி, வீட்டுவழிக் கல்வி, இல்லக் கல்வி ஆகிய சொற்கள் ஒரே பொருளில் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் ஹோம்ஸ்கூலிங் என்ற சொல்லே மிகுதியாகப் பயன்படுகிறது. பள்ளி நேரத்துக்குப் பின் நடைபெறும் தனிப்பயிற்சி (டியூசன்) வீட்டுக்கல்வி ஆகாது. தமிழ்நாடு அரசு 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், பெயர் ஒத்திருந்த போதிலும், வீட்டுக்கல்வி அன்று. அது கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்களைக் கொண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளைகளில் நடத்தப்பட்ட திட்டமாகும்.

பாடத்திட்டம் எதுவும் வகுக்காமல் குழந்தையின் ஆர்வத்தை மட்டும் பின்தொடரும் முறையும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் இதனை முன்வைத்தவர்களுள் முதன்மையானவர். இவர் 1977 ஆம் ஆண்டில் வீட்டுக்கல்விக்கென ஓர் இதழைத் தொடங்கினார். பாடநூல் வழிப்பட்ட வீட்டுக்கல்வி, ஆர்வம் வழிப்பட்ட வீட்டுக்கல்வி என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு முறைகளையும் குடும்பங்கள் பின்பற்றுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தில் பொதுப் பள்ளி முறை பரவுவதற்கு முன் திண்ணைப் பள்ளிகளும் ஆசிரியர் வீட்டில் தங்கிக் கற்கும் முறையும் வழக்கில் இருந்தன. மணலில் எழுதிப் பழகுதல், அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என ஒரு வரிசை திண்ணைப் பள்ளியில் பின்பற்றப்பட்டது. ஒரு நிலையை முடித்த மாணவனே அடுத்த நிலைக்குச் சென்றான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குக் கற்பித்தான்.

1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணல் எழுத்தையும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் தம் இல்லத்தில் கையாண்டார். 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் இதுபற்றிய அறிக்கையை வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் சென்னை முறை எனப் பெயர் பெற்றது. வீட்டுக்கல்வியில் மூத்த குழந்தை இளைய குழந்தைக்குக் கற்பிப்பதும் இதே கருத்தின் வழிப்பட்டதாகும்.

எனினும் அக்காலக் கல்வி அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அரசின் பொதுப் பள்ளிகள் இந்நிலையை மாற்றுவதில் பெரும் பங்காற்றின. தமிழ்நாட்டில் வீட்டுக்கல்வி குறித்த விவாதங்களில் இவ்வரலாறு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

டால்ஸ்டாய் பண்ணை

தமிழ்க் குழந்தைகளுடன் தொடர்புடைய குறிப்பிடத்தக்க வீட்டுக்கல்வி முயற்சி ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. 1910 ஆம் ஆண்டில் ஜோகானசுபர்க்குக்கு அருகே, எர்மன் கால்லன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக மோகன்தாசு காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கிருந்த குழந்தைகளுள் தமிழ்க் குழந்தைகளும் இருந்ததால் காந்தியே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். கப்பல் பயணங்களிலும் சிறையிலும், ஜி. யு. போப்பின் தமிழ்க் கைநூலைக் கொண்டு தாம் கற்ற அளவே தமது தமிழறிவு என்பதை அவர் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார்.

காந்தி தம் மகன்களையும் வழக்கமான பள்ளிக்கு அனுப்பவில்லை. முறையான கல்வி கிடைக்காதது குறித்து மகன்களுக்கு மனக்குறை இருந்ததையும் அவரே பதிவு செய்துள்ளார். மூத்த மகன் அரிலாலுக்கும் தந்தைக்கும் இடையே ஏற்பட்ட பிளவுக்கு இது ஒரு காரணமாயிற்று. பெற்றோரின் கொள்கையும் குழந்தையின் விருப்பமும் வேறுபடக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

சட்ட நிலை

இந்தியாவில் வீட்டுக்கல்விக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. இதன் வழியே இயற்றப்பட்ட, குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஏப்ரல் 1, 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 10 ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை எனக் கூறுகிறது. ஆயினும் அக்கடமையை மீறும் பெற்றோருக்கு இச்சட்டத்தில் தண்டனை எதுவும் வகுக்கப்படவில்லை.

இதனால் வீட்டுக்கல்வி சட்டத்துக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுந்து, தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தாமாக விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதனைத் தொடரலாம் என்றும், கல்வி உரிமைச் சட்டம் அதற்குத் தடையாக இல்லை என்றும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2012 ஆம் ஆண்டில் அந்நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே வீட்டுக்கல்வி தடை செய்யப்பட்டதும் அன்று, விதிகளால் நெறிப்படுத்தப்பட்டதும் அன்று. பதிவு செய்ய அலுவலகமோ, பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரியோ இல்லாமையால், திட்டமிடும் பொறுப்பு முழுவதும் குடும்பத்திடம் உள்ளது.

பொதுப் பள்ளியிலிருந்து விலகுதல்

ஆவணங்கள்

பள்ளியை விட்டு விலகும்போது மாற்றுச் சான்றிதழைப் பெறுதல் முதற்பணி ஆகும். குழந்தை முடித்த வகுப்பு, பிறந்த நாள், பெயரின் எழுத்துக்கோவை ஆகியவை பிறப்புச் சான்றிதழுடன் ஒத்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் தனித்தேர்வராக விண்ணப்பிக்கும்போது இவையே அடிப்படை ஆவணங்களாக அமைகின்றன. சாதிச் சான்றிதழும், படித்த வகுப்புகளின் மதிப்பெண் பதிவுகளும் சேர்த்துப் பாதுகாக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களின் விவரங்கள் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை எனப்படும் எமிஸ் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. வேறு பள்ளியில் சேராமல் விலகும் குழந்தை, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் இடம்பெறக்கூடும். கணக்கெடுக்க வரும் ஆசிரியரின் நோக்கம் இடைநிற்றலையும் குழந்தைத் தொழிலையும் தடுப்பதாகும். குழந்தை என்ன கற்கிறது என்பதைக் காட்டும் எழுத்து வடிவப் பாடத்திட்டமும் பணிப் பதிவேடும் அவ்வேளையில் பயன்படும்.

இழக்கக்கூடிய உரிமைகள்

அரசுப் பள்ளியிலிருந்து விலகும் குழந்தை பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு, பேருந்துக் கட்டணச் சலுகை ஆகியவற்றை உடனடியாக இழக்கிறது. இவற்றைக் காட்டிலும் நீண்டகால விளைவுடையவை பின்வருவன:

* மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமையாக வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் இதன் பொதுவான தகுதி ஆகும்.
* கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டு தொடங்கப்பட்டவை.
* தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனைப் பெற, தமிழ்வழியில் பயின்றமைக்குச் சான்று தேவை.

ஐந்தாம் வகுப்புக்குப் பின் விலகும் குழந்தைக்கும் எட்டாம் வகுப்புக்குப் பின் விலகும் குழந்தைக்கும் இழப்பு ஒன்றே. ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான தொடர்ச்சி இரண்டிலும் அறுந்துவிடுகிறது. ஆகவே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே இவ்விழப்பைக் கணக்கிட்டு முடிவெடுத்தல் இன்றியமையாதது.

சான்றளிப்பு வழிகள்

வீட்டுக்கல்விப் பாடத்திட்டம் பொதுவாக முடிவிலிருந்து பின்னோக்கி வகுக்கப்படுகிறது. குழந்தை எந்தத் தேர்வின் வழியே மீண்டும் பொதுக்கல்விக்குள் நுழையும் என்பதை முதலில் முடிவு செய்து, அத்தேர்வுக்குரிய வயதிலிருந்து பின்னோக்கி ஆண்டுகள் பிரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் பின்வரும் வழிகள் உள்ளன.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி

தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் செயல்திட்டமாகத் தொடங்கி, 1989 ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்றது. 2002 ஆம் ஆண்டில் இப்போதைய பெயரை ஏற்றது. இதன் வட்டார மையம் ஒன்று சென்னையில் உள்ளது. அடிப்படைக் கல்வியில் அ, ஆ, இ என்னும் மூன்று நிலைகளை ஒத்த படிநிலைகள் முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரானவை. பத்தாம் வகுப்புக்கு நிகரான இடைநிலைப் படிப்பில் சேர 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான மேல்நிலைப் படிப்பில் சேர 15 வயதும் குறைந்தபட்ச அளவாகும்.

மாணவர் குறைந்தது ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் மொழிப்பாடமாக இருத்தல் வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பொதுத்தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவதால் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். இந்நெகிழ்ச்சியே வீட்டுக்கல்விக் குடும்பங்களை இதன்பால் ஈர்க்கிறது. அதே நெகிழ்ச்சி தவறான தெரிவுக்கும் இடம் தருகிறது. கணிதத்தைத் தவிர்த்தும் இடைநிலைச் சான்றிதழைப் பெற இயலும். அவ்வாறு பெற்ற மாணவருக்குப் பின்னர் பொறியியல் முதலிய துறைகளில் நுழைவது கடினமாகும்.

இத்தகைய மாணவர்கள் நீட் தேர்வு எழுதத் தடை விதித்த விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டில் நீக்கியது. அரசுப் பணிகளைப் பொறுத்தவரை, சான்றிதழின் நிகர்த்தன்மையை அந்தந்த அரசின் ஆணைகளே முடிவு செய்கின்றன. அப்பணிகளை நாடுவோர் நடப்பு ஆணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுதல் தேவை.

தமிழ்நாட்டுத் தனித்தேர்வுகள்

அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தேர்வர்களை ஏற்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயது நிறைவடைந்திருக்க வேண்டும். நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத 14½ வயதும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆதலால் அறிவிக்கப்படும் நாளுக்குள் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். இப்பதிவைத் தவறவிடுவோர் தேர்வு எழுதும் வாய்ப்பை அடுத்த முறைக்குத் தள்ளிப்போட நேரிடுகிறது.

பன்னாட்டுத் தேர்வுகள்

கேம்பிரிட்ஜ் முதலிய பன்னாட்டுத் தேர்வு அமைப்புகள், அங்கீகரிக்கப்பட்ட சில தேர்வு மையங்கள் வழியே தனித்தேர்வர்களை அனுமதிக்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக்கட்டணம் உண்டு என்பதால் செலவு மிகுதி.

வயது வரிசை

பத்து வயதில் ஐந்தாம் வகுப்பை முடித்து விலகும் குழந்தைக்குரிய ஒரு மாதிரி வரிசை:

* 10 வயது: மாற்றுச் சான்றிதழ் பெறுதல், இடைக்காலம், நிலை அறிதல்.
* 10 முதல் 12 வரை: மொழி, கணிதம் ஆகியவற்றில் உறுதியான அடிப்படை, பிற பாடங்களில் விரிந்த வாசிப்பு.
* 12½ வயது: எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு.
* 13 வயது: வழியைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய பாடநூல்களுக்கு மாறுதல்.
* 14 அல்லது 14½ வயது: திறந்தநிலைப் பதிவு அல்லது மாநிலத் தனித்தேர்வு.

இவ்வரிசையில் தேர்வுச் சுமையற்ற காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். வீட்டுக்கல்வியின் தனித்தன்மை வெளிப்படுவது பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

பாடத்திட்டத்தை வகுத்தல்

இடைக்காலம்

பள்ளியிலிருந்து விலகிய குழந்தைக்கு உடனடியாக அட்டவணை விதிக்காமல் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இடைவெளி தருவது பல குடும்பங்களின் வழக்கம். மணியோசை, தண்டனை பற்றிய அச்சம், மதிப்பெண் ஒப்பீடு ஆகியவற்றால் உருவான பழக்கங்கள் தணிய இக்காலம் உதவுகிறது. குழந்தை தானாக நாடும் செயல்களைக் கவனித்துக் குறித்து வைத்தல் இக்காலத்தில் பெற்றோரின் பணியாகும்.

நிலை அறிதல்

குழந்தை முடித்த வகுப்பும் குழந்தையின் உண்மையான திறனும் ஒன்றாக இருப்பதில்லை. ஐந்தாம் வகுப்பை முடித்த குழந்தை தமிழ் வாசிப்பில் ஏழாம் வகுப்பு நிலையிலும், வகுத்தல் கணக்கில் மூன்றாம் வகுப்பு நிலையிலும் இருக்கக்கூடும். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வகுப்புக்கு முந்தைய நூலிலிருந்து தொடங்கி, தடுமாறும் இடம் வரை சென்று பார்ப்பது எளிய முறையாகும். பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் செல்ல வேண்டியுள்ளது. வீட்டுக்கல்வியில் பாடத்துக்குப் பாடம் வெவ்வேறு வகுப்பு நூல்களைப் பயன்படுத்தலாம்.

பாடங்களும் நூல்களும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2018 முதல் கட்டம் கட்டமாக வெளிவந்த பாடநூல்களில் விரைவுத் தகவல் குறியீடுகள் அச்சிடப்பட்டு, அவற்றின் வழியே காணொளிகள் இணைக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடக் காணொளிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

தமிழ் தனிக்கவனம் பெற வேண்டிய பாடமாகும். வீட்டுக்கல்விக்கெனக் கிடைக்கும் இணையவழிப் பொருள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. திட்டமின்றி விடப்பட்டால் குழந்தை சில ஆண்டுகளில் தமிழில் பேசக்கூடியதாகவும் ஆனால் எழுத இயலாததாகவும் ஆகிவிடுகிறது. நாள்தோறும் உரக்க வாசித்தல், வாரம் ஒரு கடிதமோ கட்டுரையோ எழுதுதல், செய்தித்தாள் படித்தல் ஆகியவை இதனைத் தவிர்க்கும் எளிய வழிகள்.

கணிதத்தில் வரிசை முக்கியமானது. பின்னம் அறியாமல் விகிதமும், விகிதம் அறியாமல் வட்டியும் விளங்குவதில்லை. ஆகவே ஆர்வம் வழிப்பட்ட முறையைப் பின்பற்றும் குடும்பங்களும் கணிதத்துக்கு மட்டும் ஒரு நூலை வரிசையாகப் பின்பற்றுவதுண்டு.

கால அளவு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணிகளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் 1,000 மணிகளும் குறைந்தபட்ச அளவாக வகுத்துள்ளது. இது நாளொன்றுக்கு முறையே நான்கு மணியும், ஏறத்தாழ நான்கரை மணியும் ஆகும். வீட்டில் ஒருவருக்கு ஒருவர் கற்பிக்கும்போது வருகைப் பதிவு, வரிசை, காத்திருப்பு ஆகியவை இல்லாததால் நூல்வழிப் படிப்புக்கு இதனினும் குறைந்த நேரமே போதுமானதாகிறது. எஞ்சும் நேரம் விளையாட்டு, கைத்தொழில், இசை, களப்பயணம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்படுகிறது.

பதிவேடு

நாள், கற்ற பொருள், பயன்படுத்திய நூல், செய்த பணி ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் பதிவது வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் எழுத்துப்படி ஒன்றும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு நடத்தும் சிறு தேர்வும் சேர்த்து வைக்கப்படுகின்றன. பெற்றோரே ஆசிரியராகவும் தேர்வாளராகவும் இருப்பதால் ஏற்படும் சார்பை இவ்வெளி மதிப்பீடு குறைக்கிறது.

வாழும் ஊரைப் பாடமாக்கல்: மாடம்பாக்கமும் சுற்றுப்புறமும்

வீட்டுக்கல்விப் பாடத்திட்டத்தில் குழந்தை வாழும் ஊர் முதன்மையான வளமாகக் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட மாடம்பாக்கத்தையும் அதனை அடுத்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளையும் கொண்டு பல பாடங்களை அமைக்க இயலும்.

* வரலாறும் தமிழும்: மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. யானையின் பின்புறம் போன்று வளைந்த விமானத்தைக் கொண்டது. இவ்வமைப்பு தூங்கானை மாடம் எனப்படும். கல்வெட்டு எழுத்துகளைப் பார்த்தல், விமானத்தின் வளைவை வரைந்து அளத்தல், இத்தலத்தைப் பாடிய அருணகிரிநாதரைப் பற்றி அறிதல் ஆகியவற்றை ஒரே வருகையில் மேற்கொள்ளலாம்.
* தொல்லியல்: 1863 ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அவருடைய சேகரிப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.
* நிலவியல்: பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட் ஆகும். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆனதால் இப்பெயர் ஏற்பட்டது.
* சூழலியல்: மாடம்பாக்கம் ஏரி, 2022 ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆகியவற்றில் பருவந்தோறும் பறவைகளைக் கணக்கிட்டுப் பதியலாம்.
* கணிதம்: 2015 ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் பெய்த அம்மழையின் அளவு ஏறத்தாழ 1,09,000 லிட்டர். அலகு மாற்றம், பரப்பளவு, கனஅளவு ஆகிய மூன்றையும் இக்கணக்கு உள்ளடக்கியது. அந்நீர் எங்கே சென்றது என்ற கேள்வி ஏரிகள், கால்வாய்கள், அடையாற்றின் வழி ஆகியவற்றைப் பற்றிய புவியியல் பாடமாக விரிகிறது.
* பிற: 1931 ஆம் ஆண்டில் மின்மயமான தாம்பரம் – கடற்கரைத் தொடர்வண்டித் தடத்தின் கால அட்டவணை, கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும்.

இவற்றைப் பாடநூலின் அலகுகளுடன் பொருத்துதல் தேவை. பொருத்தப்படாத பயணம் சுற்றுலாவாகவே முடிந்துவிடுகிறது.

பொருளாதாரமும் உழைப்பும்

நூல்களுக்கான செலவு குறைவு. மறைமுகச் செலவு பெற்றோரின் நேரமாகும். பெற்றோருள் ஒருவர், பெரும்பாலும் தாய், ஊதியப் பணியை விடவோ குறைக்கவோ நேரிடுகிறது. இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களிலும், பெற்றோர் தாமே பள்ளிக் கல்வி பெறாத குடும்பங்களிலும் இம்முறை நடைமுறைப்படுத்துவதற்கு அரிதாகிறது. சில குடும்பங்கள் ஒன்றுகூடிப் பாடங்களைப் பிரித்துக் கற்பிப்பதன் மூலம் இச்சுமையைக் குறைத்துக்கொள்கின்றன.

திறனாய்வுகள்

வீட்டுக்கல்விக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

* பல்வேறு சாதி, சமய, பொருளாதாரப் பின்னணி கொண்ட குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்து ஒன்றாக உண்ணும் இடம் பொதுப் பள்ளி. 1956 ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் சமூக விளைவு இதனைச் சார்ந்தது. வீட்டுக்கல்வி குழந்தையைத் தன்னை ஒத்தவர்களுடன் மட்டும் பழகச் செய்யும்.
* விதிமுறைகள் இல்லாத நிலையில், கற்பிக்காமல் விடுதலும், பெண் குழந்தைகளை வீட்டில் நிறுத்திவிடுதலும் வீட்டுக்கல்வி என்ற பெயரில் மறைக்கப்படலாம்.
* வசதி படைத்த குடும்பங்கள் விலகும்போது பொதுப் பள்ளியின் தரத்தைக் கேட்கும் குரல் குறைகிறது.

ஆதரிப்போர், மெல்லக் கற்போர், மாற்றுத்திறன் கொண்டோர், வகுப்பில் கேலிக்கோ தண்டனைக்கோ உள்ளாகி அஞ்சியோர், விளையாட்டிலோ கலையிலோ நீண்ட பயிற்சி மேற்கொள்வோர் ஆகியோருக்குப் பள்ளியின் பொது வேகம் பொருந்துவதில்லை எனக் கூறுகின்றனர். மும்பையைச் சேர்ந்த வீட்டுக்கல்வி மாணவி ஒருவர், பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு பதக்கங்களின் அடிப்படையில் 2016 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் அவருக்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இளநிலைச் சேர்க்கை கிடைக்க வழியில்லாமல் போயிற்று. இதனால் இந்நிகழ்வு வீட்டுக்கல்வியின் வலிமைக்கும், சான்றளிப்பைத் திட்டமிட வேண்டியதன் தேவைக்கும் ஒருசேர எடுத்துக்காட்டாகிறது.

பள்ளிக்குத் திரும்புதல்

கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவின்படி, பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். பிற குழந்தைகளுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அக்குழந்தைக்கு உண்டு. ஆகவே எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்குத் திரும்பும் வழி திறந்தே உள்ளது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சான்றிதழின்றித் திரும்புதல் கடினம்.

இதனால் 13 வயதுக்கு முன் ஒருமுறை, தொடர்வதா திரும்புவதா என்பதைக் குழந்தையுடன் கலந்து முடிவு செய்வதைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைத்துக்கொள்வது நன்று. அதுவரை மாநிலப் பாடநூலின் கணிதம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றை வகுப்புக்கு இணையாகக் கொண்டு சென்றிருந்தால் குழந்தையின் தெரிவு உண்மையான தெரிவாக அமையும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1993 ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி அளிக்கப் பெற்றோரைக் கடமைப்படுத்துகிறது. செருமனியில் பள்ளிக்குச் செல்லுதல் கட்டாயமாகும். வீட்டுக்கல்வி கோரிய செருமானியப் பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் ஏற்க மறுத்தது. சிங்கப்பூரில் 2003 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றே வீட்டுக்கல்வி அளிக்க முடியும். அக்குழந்தைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். தாய்மொழிப் பாடமும் அத்தேர்வில் அடங்குவதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கல்வித் திட்டத்தில் தமிழ் இடம்பெறுகிறது.

இவற்றையும் பார்க்க

* திண்ணைப் பள்ளிக்கூடம்
* இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009
* தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம்
* சமச்சீர்க் கல்வி
* டால்ஸ்டாய் பண்ணை
* மாடம்பாக்கம்